சாரல் மாதத்து அலமாரி: ஒட்டுப்பொறி, டப்பா, மருந்தடிப்பு, குழாய்ப்பொறி

அரிசி, பருப்பு அலமாரியில் வரும் பூச்சிக்கென்று நான் காசு கொடுத்துப் பார்த்தவை நான்கு. இணையத்தில் வாங்கிய ஒட்டுப்பொறி அட்டை, மூடி இறுகும் டப்பாக்கள், வீட்டுக்கு வந்து மருந்தடிக்கும் சேவை, அப்புறம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பில் வந்த குழாய்ப்பொறி. இவற்றில் ஒன்றுக்கு முழு மதிப்பெண், ஒன்றுக்குப் பாதி. மற்ற இரண்டையும் மட்டமான சரக்கு என்று சொல்ல மாட்டேன். என் அலமாரியில் இருந்த பூச்சிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை, அவ்வளவுதான். விற்கிறவர்கள் யாரும் “உங்க வீட்டுல இருக்கது எந்தப் பூச்சி?” என்று கேட்பதில்லை. அட்டைப் பெட்டியிலும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

நாங்கள் இருப்பது செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில். வீட்டிலேயே இட்லிப்பொடி, சாம்பார்பொடி, சத்துமாவு அரைத்து விற்கிறேன். குற்றாலம் சீசனில் கொஞ்சம் கூடுதலாகப் போகும். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது கேரளத்துப் புனலூரில். 2018-இல் அகலப்பாதை திறந்ததிலிருந்து அவள் ரயிலேறிப் பையோடு வந்துவிடுகிறாள். பைக்குள் மட்ட அரிசி என்கிற அந்தப் பக்கத்துச் சிவப்பரிசி, வறுத்த புட்டுப்பொடி, வன்பயறு. போகும்போது எங்கள் வயல் அரிசியும் என் பொடியும் அந்தப் பக்கம் போகும். எங்கள் ஊர் 1956 நவம்பரில் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அடுப்படிக்கு மட்டும் யாரும் எல்லை போடவில்லை. ஆகவே இரண்டு மாநிலத்துச் சரக்கும் ஒரே அலமாரியில், அதோடு வருகிற பூச்சியும்.

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசிக்கொண்டே இருக்கும். கொடியில் போட்ட துண்டு காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அரிசியும் பயறும் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சேமிக்கிற தானியத்தில் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பயறு என்றால் 10 என்று வேளாண்மைக்காரர்கள் சொல்வார்கள். சாரலில் திறந்த மூட்டை அந்த அளவில் நிற்காது. இந்த மூன்று மாதமும் “வெயில்ல காய வைங்க” என்று யார் யோசனை சொன்னாலும் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எந்த வெயில்?

எதையும் வாங்கும் முன்னால் ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஸ்டேஷனரிக் கடையில் விற்பது போதும். ஜன்னலோரத்தில் வெள்ளைத் தாளை விரித்து ஒரு கைப்பிடி அரிசியையோ மாவையோ பரப்பி நிதானமாகப் பாருங்கள். என் மாமியார் முதலில் “ஏளா, வண்டு வண்டுதான், அதுல என்னத்தப் பாக்க?” என்றார்கள். ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி, இப்போது கண்ணாடி அவர்கள் முந்தானையில்தான் இருக்கிறது.

அரிசியில் ஊர்வது பெரும்பாலும் கூன்வண்டு. எள்ளை விடச் சற்றுப் பெரிது, மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும். கரும்பழுப்பு நிறம், நீண்ட மூக்கு, முதுகில் மங்கலாக நான்கு செம்மஞ்சள் பொட்டு. மூக்கைப் பார்த்தாலே போதும், வேறு குழப்பம் வேண்டாம். பெண் வண்டு அந்த மூக்கால் அரிசியைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசையால் ஓட்டையை அடைத்துவிடும். புழுவாகித் தின்பதும் கூட்டுப்புழுவாகித் தூங்குவதும் அந்த ஒரே அரிசிக்குள். வெளியே வரும்போதுதான் வண்டு. இதமான சூடும் ஈரமும் இருந்தால் எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். புடைத்து, சலித்து, பளிச்சென்று டப்பாவில் போட்ட அரிசியில் திடீரென்று வண்டு ஊர்வதற்கு இதுதான் காரணம். “அரிசிச் சூட்டுல தானா உண்டாகும்” என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அப்படி உண்டாவதில்லை, வாங்கும்போதே உள்ளே இருந்தது. சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி அரிசியைத் தண்ணீரில் போடுங்கள். உள்ளே அரிக்கப்பட்டவை மேலே மிதக்கும். தவிடு போகாத மட்ட அரிசி இதற்கு இன்னும் பிரியம்.

மாவிலும் ரவையிலும் இருப்பது வேறு ஆள். சிவப்பு மாவு வண்டு. நீளம் ஏறக்குறைய அதேதான், ஆனால் மூக்கு கிடையாது, உடம்பு தட்டை, நிறம் செம்பழுப்பு. நல்ல முழு அரிசியைக் கடிக்க இதற்குப் பல் போதாது. நொய், தவிடு, மாவு, கூன்வண்டு ஏற்கெனவே உடைத்துப் போட்டது, இவைதான் இதன் சாப்பாடு. அரிசிப் பானைக்குள் கூன்வண்டோடு செவ்வண்டும் திரிந்தால் அரிசி ஏற்கெனவே நிறையச் சிதைந்துவிட்டது என்று பொருள். கூட்டம் பெருகினால் மாவில் ஒரு காரமான நெடி ஏறும், லேசாக இளஞ்சிவப்புத் தட்டும். வண்டு விடுகிற குயினோன் என்ற வேதிப்பொருளால் வருவது அது. அந்த மாவைச் சலித்து மிச்சம் பிடிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். சத்துமாவு விற்கிறவள் நான், அந்த நெடி ஒரு பாக்கெட்டில் போனால் வாடிக்கை போச்சு. தங்கச்சி கொண்டுவரும் புட்டுப்பொடியை வறுத்திருப்பதால் அதில் முட்டை பிழைத்திருக்காது. ஆனால் பையைப் பிரித்து வைத்த பிறகு பக்கத்து டப்பாவிலிருந்து செவ்வண்டு நடந்து போய்ச் சேர்ந்துவிடும்.

ரவை கட்டி கட்டியாக, நூலாம்படை பிடித்த மாதிரி இருந்தால் அது அரிசி அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. புழு நூல் நூற்று, தானியத்தைச் சேர்த்துக் கட்டி, அந்தக் குழாய்க்குள் இருந்து தின்னும். முற்றியதும் மேலே ஏறி மூடி இடுக்கிலோ, அலமாரி மூலையிலோ, சாக்கு மடிப்பிலோ கூடு கட்டும். சாயங்காலம் விளக்கைச் சுற்றுகிற சாம்பல் நிறச் சிறு பூச்சி இதன் கடைசி அவதாரம், அதற்கு வாயிருந்தும் தின்பதில்லை. கோயம்புத்தூரில் வேளாண்மை படிக்கிற அண்ணன் மகனிடம் இதைக் காட்டினேன். அவன் சந்தோஷமாக, “அத்தை, இது கோர்சைரா. இதத்தான் நாங்க லேபுல கம்பும் நிலக்கடலைப் பொடியும் போட்டு வளக்கோம்” என்றான். இதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அதில் ட்ரைக்கோகிரம்மா என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவியை வளர்த்து, கரும்புத் தோட்டத்தில் தண்டைத் துளைக்கும் புழுவுக்கு எதிராகக் கட்டுவார்களாம். நான் கொல்ல வழி தேடுகிறதை அரசாங்கச் செலவில் கம்பு போட்டு வளர்க்கிறார்கள்!

பயறில் வருவது பயறு வண்டு. தட்டப்பயறு, பாசிப்பயறு, வன்பயறு எல்லாவற்றிலும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க வண்டே வேண்டாம், பயறின் தோலில் வெள்ளைப் பொட்டாக ஒட்டியிருக்கும் முட்டையே சொல்லிவிடும். பிறகு உருண்டையாக ஓட்டை விழும். வளர்ந்த வண்டு எதையும் தின்னாமல் ஒன்றிரண்டு வாரம் ஓடியாடி முட்டையிட்டுச் செத்துப்போகும். வயலில் காய் முற்றும்போதே வந்து உட்கார்ந்துவிடுவதால் கடைக்காரரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. உடைத்த பருப்பை இது அவ்வளவாகத் தொடாது. பழைய ஆட்கள் துவரையைச் சீக்கிரம் உடைத்துப் பருப்பாக்கி வைத்ததில் இந்த லாபமும் இருக்கிறது.

கடைசியாக என் தொழிலுக்கு நேர் எதிரி, சிகரெட் வண்டு. மல்லி, மிளகாய் வற்றல், மஞ்சள், சாம்பார்பொடி என்று மற்ற பூச்சிகள் மூக்கைச் சுளிக்கும் இடத்தில் இது குடும்பம் நடத்தும். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், உருண்டை உடம்பு, தலையைக் கீழே இழுத்துக் கூனியிருக்கும். தொட்டால் காலை மடக்கிச் செத்தது போலக் கிடக்கும், கையை எடுத்தால் நடக்கும். புகையிலைக் கிடங்கில் பேர் வாங்கிய பூச்சி. மெல்லிய பிளாஸ்டிக் பையைத் துளைத்து உள்ளேயும் போகும், வெளியேயும் வரும். மல்லி பாக்கெட்டில் குண்டூசி குத்தினது மாதிரி ஓட்டை தெரிந்தால் அதை வாங்காதீர்கள்.

இப்போது வாங்கிய பொருள்களுக்கு வருகிறேன்.

முதலில் ஒட்டுப்பொறி. முக்கோணமாக மடிக்கிற அட்டை, உள்பக்கம் பசை, நடுவில் வைக்க ஒரு சிறு வாசனைக் குளிகை. பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க விடுகிற வாசனையைச் செயற்கையாகச் செய்து குளிகையில் ஏற்றியிருப்பார்கள். ஆண் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். யோசனை அருமைதான். ஆனால் இப்படி வீட்டுக்கு விற்கிற பொறிகளில் பெரும்பாலும் இருப்பது இந்தியன் மீல் மாத் என்கிற அந்துப்பூச்சிக்கும் அதன் நெருங்கிய சொந்தங்களுக்கும் உரிய வாசனை. அதன் சிறகில் முன்பாதி வெளிர், பின்பாதி செம்பு நிறம். என் ரவையில் இருந்ததோ முழுக்கச் சாம்பல் நிறம், அரிசி அந்துப்பூச்சி. அது வேறு கிளை. அதில் வாசனை விட்டு அழைப்பதில் ஆணுக்கும் பங்கு உண்டு, அந்த வாசனையும் வேறு. வீட்டு வாசலில் அடுத்த வீட்டு ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? பொறியில் விழுந்தது கொசு, எட்டுக்கால் பூச்சி, ஒரு பல்லிக்குஞ்சு. பல்லியைத் தேங்காயெண்ணெய் தடவி விடுவிக்க அரை மணி நேரம் ஆனது. மாமியாருக்குப் பல்லி விழுந்த பலன் பார்க்கும் வேலை வேறு.

சரியான அந்துப்பூச்சியே இருந்தாலும் இது பிடிப்பது ஆணைத்தான். இணைசேர்ந்துவிட்ட பெண் தன் பாட்டுக்கு முட்டை இட்டுக்கொண்டிருக்கும். ஆகவே பூச்சி இருக்கிறதா, கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்க உதவுமே தவிர ஒழிக்க உதவாது. வண்டு எதையும் இது பிடிக்காது. முந்திரியும் உலர் பழமும் சேர்த்து வைக்கிறவர்களுக்கு, கொல்லம் பக்கத்து முந்திரிக்காரர்களுக்கு, இது பயன்படலாம், அங்கே வருகிற அந்துப்பூச்சி இந்த வாசனைக்கு மசிகிற ஜாதி. அரிசி, ரவை வைத்திருக்கிற நம் வீட்டுக்கு வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குளிகையை மாற்ற வேண்டும் என்ற செலவு வேறு.

மருந்தடிக்கும் சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இரண்டு பையன்கள் தோளில் டாங்கியோடு வந்தார்கள், மரியாதையான பையன்கள். “அக்கா, கிச்சன் பூரா அடிச்சிருதோம், ஆறு மாசத்துக்கு ஒண்ணும் வராது” என்றான் மூத்தவன். “அரிசிக்குள்ள இருக்க வண்டுக்கு என்ன தம்பி செய்வீங்க?” என்றேன். “அதுவும் போயிரும்க்கா.” எப்படி என்றதற்குப் பதில் இல்லை. கீலிலும் இடுக்கிலும் வைத்த பசை கரப்பானுக்கான இரை. கரப்பான் தின்று, போய்ச் செத்து, அதைத் தின்ற கரப்பானும் சாகும். அரிசிக்குள் பிறந்து அரிசிக்குள் தின்கிற வண்டு அந்தப் பசையைத் தேடி ஏன் வரப்போகிறது? பலகையில் அடித்த மருந்து, பலகை மேல் நடந்து போகிற வண்டைக் கொல்லும். தானியத்துக்குள் இருக்கிறதை அது தொடாது, தொடுகிற மாதிரி தானியத்தின் மேல் அடிக்கவும் கூடாது. கரப்பான் போனது உண்மை, அதை மறைக்க மாட்டேன். கரப்பானுக்கு என்றால் கூப்பிடுங்கள், அரிசி வண்டுக்கு என்றால் காசை முடிந்து வையுங்கள். அவர்கள் வருகிறார்கள் என்பதற்காக அலமாரி முழுவதையும் காலி செய்து துடைத்தேன், அதில் கிடைத்த நன்மைதான் பெரிது.

அந்தச் சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலகைக்கு அடியில் விரித்த பழைய பேப்பரை எடுத்து எரித்துவிடுங்கள், அதன் அடியில் ஒரு ஊரே இருக்கும். பலகை சேருமிடம், கீலின் திருகு ஓட்டை, டப்பா மூடியின் மரை, இங்கெல்லாம் காய்ந்த தூரிகையால் கிண்டுங்கள். அந்துப்பூச்சியின் கூடு இருந்தால் கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். சாரலில் ஈரத்துணி போட வேண்டாம், காயாமல் பலகை பூத்துப்போகும்.

மூடி இறுகும் டப்பாக்களுக்குப் பாதி மதிப்பெண். ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கிளிப்பும் உள்ளவை, ஐந்து கிலோ வரைக்கும் பல அளவில் வாங்கினேன். கடைக்காரர் “இதுல போட்டா பூச்சியே வராது” என்று விற்றார். வெளியிலிருந்து வராது, அது சரி. உள்ளே முட்டையோடு போன அரிசிக்கு டப்பா என்ன செய்யும்? சுகமாகப் பொரிந்து வரும். காற்றே புகாமல் மாதக்கணக்கில் மூடியிருந்தால் உள்ளே பிராணவாயு தீர்ந்து பூச்சி சாகும் என்பது உண்மைதான், அந்த முறையில் சேமிக்கவென்றே தனிப் பைகள் உண்டு. சமையல்கட்டு டப்பாவைத் தினம் இரண்டு வேளை திறக்கிறோமே, அப்புறம் எங்கே தீர்வது? இருந்தாலும் பாதி மதிப்பெண் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு டப்பாவில் வந்த பூச்சி அந்த டப்பாவோடு நிற்கிறது, அலமாரி முழுக்கப் பரவுவதில்லை. ஈரமும் அவ்வளவாக ஏறுவதில்லை. வாங்கினால் உள்ளே தெரிகிற டப்பாவாக, ரப்பர் வளையம் கழற்றிக் கழுவக்கூடியதாக வாங்குங்கள். வளையத்துக்கு அடியில் சேர்கிற மாவுதான் செவ்வண்டுக்குத் தொட்டில். திருகு மூடி டப்பாவாக இருந்தால் குட்டிப் புழுக்கள் மரை வழியாக உள்ளே போய்விடும்.

இனி குழாய்ப்பொறி. அண்ணன் மகன் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தது. பார்க்க ஒன்றுமே இல்லாத சாமான். ஒரு குழாய், அதன் மேல்பாகம் முழுக்க வரிசையாக இரண்டு மில்லிமீட்டர் ஓட்டைகள், கீழே கழற்றக்கூடிய ஒரு கூம்பு. மின்சாரம் இல்லை, மருந்து இல்லை, வாசனை இல்லை. அரிசிக்குள் செங்குத்தாகச் செருகி, மேல்மூடி அரிசி மட்டத்தோடு இருக்கும்படி விட்டுவிட வேண்டும். தானியத்துக்குள் இருக்கும் வண்டுக்கு இடைவெளியும் காற்றும் இருக்கும் பக்கம் நகர்கிற குணம். அந்தக் குணத்தை வைத்துத்தான் பொறியே. ஓட்டை வழியாக உள்ளே வரும், பிடிமானம் இல்லாமல் கீழே விழும், வழவழப்பான கூம்பில் ஏற முடியாது. இந்த இரண்டு மில்லிமீட்டர் கணக்குத்தான் சாமர்த்தியம், வண்டு நுழையும், நீள அரிசி அவ்வளவாக நுழையாது.

மூட்டை பிரித்து டிரம்மில் கொட்டிய அன்று கண்ணுக்கு ஒரு வண்டும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கூம்பைக் கழற்றித் தாளில் தட்டினேன். பொலபொலவென்று விழுந்தது. மாமியார் கண்ணாடியோடு குனிந்து பார்த்துவிட்டு, “இத்தனையும் நேத்து நாம ஆக்கித் தின்ன அரிசியிலயா இருந்துச்சு?” என்றார்கள். அன்று அவர்கள் சோறு சாப்பிட மனசில்லாமல் தோசை கேட்டார்கள். தோசைக்கும் அரிசி அதே டிரம்தான், அதை நான் சொல்லவில்லை. கழுவிச் சமைத்த அரிசியில் ஒன்றிரண்டு கூன்வண்டு இருந்திருந்தால் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடாது. அது கடிக்காது, கொட்டாது, நோய் பரப்பாது.

இந்தப் பொறி எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம், பூச்சி கண்ணுக்குத் தெரியும் முன்பே காட்டிக்கொடுப்பது. இரண்டாவது, மெதுவாக என்றாலும் உண்மையிலேயே எண்ணிக்கையைக் குறைப்பது. அரிசிக்குள் இருக்கும் புழுவை இதால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அது வண்டாகி வெளியே வந்ததும், முட்டையிடப் போகும் வழியில் விழுங்கிவிடும். அதனால் முதல் வாரத்து வசூலைப் பார்த்துவிட்டு எடுத்துவிடக் கூடாது. உள்ளே இருக்கிற தலைமுறை முழுவதும் வெளியே வந்து தீர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும். 25 கிலோ டிரம்முக்கு இரண்டு மூன்று குழாய் வைக்கச் சொல்கிறார்கள், நான் இரண்டு வைத்திருக்கிறேன். தட்டப்பயறு டின்னில் ஒன்று, பயறு வண்டும் நன்றாகவே விழுகிறது.

குறை இல்லாமல் இல்லை. மாவு, ரவை, பொடி எதற்கும் ஆகாது, ஓட்டை வழியாக மாவே உள்ளே கொட்டிவிடும். அந்துப்பூச்சிப் புழுவுக்கும் ஆகாது, அது நூல் கூட்டை விட்டு நடமாடுவது குறைவு. சிறிய டப்பாவுக்கு நீளம் அதிகம், மூடி மூடாது. நொய் அதிகமுள்ள அரிசி என்றால் கூம்பில் வண்டோடு நொய்யும் சேரும். கழுவினால் ஈரம் போகக் காய வைத்த பிறகே செருகவும். இதே பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பில் இரண்டு கிலோ முதல் பெரிய அளவு வரை, ஓட்டை போட்ட உள்கலம் வைத்துப் பூச்சி தானாக வெளியே விழுகிற கலமும் உண்டு. தானியத்தை அதற்கென்று மாற்றி வைக்க வேண்டும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

குழாய் எட்டாத இடத்துக்கு நான் நம்புவது ஃபிரிட்ஜின் மேல்தட்டு, அதாவது ஐஸ் உறைகிற ஃப்ரீசர். இது காசு கொடுத்து வாங்கிய தீர்வு அல்ல, ஏற்கெனவே வீட்டில் இருப்பது. மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் இருந்தால் முட்டையிலிருந்து வண்டு வரை எல்லாம் செத்துவிடும். வீட்டு ஃபிரிட்ஜை அடிக்கடி திறப்பதால் நான் ஒரு வாரம் விடுகிறேன். மல்லி, மிளகாய், ரவை எல்லாம் சிறு சிறு பொட்டலமாக முறை போட்டு உள்ளே போகும், ஐஸ்கிரீமுக்கு இடமில்லை என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். குளிர் முழுக்க அடங்கட்டும், இல்லாவிட்டால் சாரல் காற்றின் ஈரம் அப்படியே பொடி மேல் வேர்த்து உட்காரும். மார்ச் மாதம் என்றால் தங்கச்சி இந்த வேலையை வெயிலிலேயே முடித்துவிடுவாள், புனலூர் வெயில் கேரளத்திலேயே பேர்பெற்றது.

முழுப்பயறுக்குக் கிலோவுக்கு பத்து மில்லி எண்ணெய் விட்டுப் பிசறி வைப்பது பழைய வழி, நல்ல வழியும் கூட. எண்ணெய்ப் பூச்சில் முட்டைக்கு மூச்சுப் போவதில்லை. வேப்பிலை, நொச்சி, வசம்பு, வற்றல் போடுவதை நான் தடுக்கவில்லை. மாமனார் காலத்துப் பத்தாயத்தில் நொச்சி இல்லாமல் நெல் கொட்டியதில்லை. அந்த வாசனை புதிதாக வருவதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. பச்சை இலையாகப் போட்டால் ஈரமும் சேர்த்துப் போட்ட கணக்கு.

கிடங்கில் வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் துணியில் முடிந்து வீட்டு அரிசி மூட்டையில் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பைன் என்ற நச்சுவாயுவாகும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. எங்கள் ஊர்ச் சாரலில் அது வெளியேறும் வேகத்தைக் கேட்க வேண்டாம். பயிற்சி உள்ளவர்கள் ஆளில்லாத கிடங்கை மூடிச் செய்கிற வேலை அது, மனிதர் தூங்குகிற வீட்டுக்கு ஆகாது. அரிசியில் போரிக் பவுடர் பிசறுவதையும் விட்டுவிடுங்கள், கழுவினால் போய்விடும் என்ற தைரியத்தில் வயிற்றுக்குள் போகிற விஷம் அது.

ஆக, அரிசியும் முழுப்பயறும் மூட்டையாக வாங்குகிறவர்கள் குழாய்ப்பொறி வாங்கலாம். வாங்கும்போது கூம்பு இறுக்கமாக மாட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள், தளர்ந்திருந்தால் உள்ளே விழுந்ததெல்லாம் மறுபடி அரிசிக்கே போகும். குழாய் உங்கள் டிரம்மின் ஆழத்துக்கு ஏற்றதா என்றும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு கிலோ மூன்று கிலோவாக வாங்கிச் சமைக்கிற சிறிய குடும்பத்துக்கு இது தேவையில்லை, நல்ல டப்பாவும் ஃப்ரீசரும் போதும். தங்கச்சி தன் மட்ட அரிசிக்கு ஒன்று கேட்டிருக்கிறாள், அடுத்த விடுமுறைக்கு வரும்போது அண்ணன் மகன் கொண்டு வருவான். என் பொடிகளுக்குத்தான் இன்னும் பொறி அமையவில்லை. சிகரெட் வண்டுக்கென்றே தனி வாசனைக் குளிகை இருக்கிறது, புகையிலைக் கிடங்குகளில் தொங்கவிடுவார்கள். தென்காசிக் கடைகளில் கேட்டேன், சில்லறையாக இல்லை என்றார்கள். கிடைக்கிறவரை மல்லியும் மிளகாயும் அரைக்கும் முன் ஒரு வாரம் ஃப்ரீசரில்தான்.